பாத்திக்குக் குடிபோன கூடம்

நொச்சிக்காட்டுப்பாளையத்துத் தெய்வாத்தாள் வீட்டு முன்கூடம் அவளுடைய கத்தரி நாற்றுகளோடு சேர்ந்து தோட்டத்துக்குக் குடிபோன அந்த ஆவணி மாதத்தில் ஊருக்கு வேறு சோலிகள் நிறைய இருந்தன; பால் சொசைட்டிக்கு யார் தலைவர் என்று ஒரு பக்கம் இழுபறி, மாரியம்மன் கோயில் கோபுரத்துக்குப் பச்சை அடிப்பதா ரோஸ் அடிப்பதா என்று இன்னொரு பக்கம் இழுபறி, இரண்டுக்கும் நடுவில் குடிபோன கூடத்தைப் பற்றித் தனியாக உட்கார்ந்து ஆச்சரியப்பட யாருக்கும் ஒழியவில்லை. நடந்ததை நடந்தபடியே எடுத்துக்கொண்டு, அதில் தங்களுக்கு என்ன வசதி என்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

எல்லாம் மயில்களால் வந்தது. விடிந்ததும் கரட்டிலிருந்து இறங்கி வரும் மயில்கள் விதைத்ததைக் கிளறித் தின்றன, முளைத்ததைக் கொத்தித் தின்றன, தப்பிப் பிழைத்ததின் மேல் படுத்துப் புழுதியில் புரண்டன. கல்லெடுத்து எறிந்தால் கேஸ் ஆகிவிடும், முருகனுக்கும் கோபம் வரும் என்பதால் ஊரே அவற்றைக் கையெடுத்துக் கும்பிட்டபடி மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தது. தெய்வாத்தாள் மட்டும் அந்த ஆடியில், டவுன் ரோட்டில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் சுகந்திக்குச் சொல்லியனுப்பி, குழித்தட்டும் தேங்காய் நார்த்தூளும் வீட்டுக்கே வரவழைத்து, கத்தரியையும் தக்காளியையும் முன்கூடத்து ஜன்னலோரத்தில், மகன் நவநீதனின் கம்ப்யூட்டர் மேசைமேலேயே முளைக்க வைத்தாள். நாற்றுகள் அவனுடைய மின்விசிறிக் காற்றில் வளர்ந்தன, அவனுடைய ஆபீஸ் பேச்சைக் கேட்டு வளர்ந்தன, “சொல்லுங்க, கேக்குதுங்களா, நான் பேசறது கேக்குதுங்களா” என்று அவன் பகலெல்லாம் திரையைப் பார்த்துக் கேட்கும்போது தலையை ஆட்டி ஆட்டி வளர்ந்தன.

நவநீதனுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. நோய்க் காலத்தில் ஆபீஸை மூடியபோது ஊருக்கு வந்தான். வந்த கொஞ்ச நாளில் அவனுடைய அப்பா மாரப்பனுக்குக் காய்ச்சல் கண்டது, வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது, மாரப்பன் யாரும் தொடாமல் தானாகவே நடந்துபோய் ஏறி உட்கார்ந்து, “பொழுதோட மோட்டாரை நிறுத்திப்போடு தெய்வா” என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அவர் திரும்பி வரவில்லை, அவர் உடம்பும் வரவில்லை; வாசலில் கிடத்தி அழுவதற்கு இல்லை, குளிப்பாட்டுவதற்கு இல்லை, டவுன் மயானத்திலிருந்து போனில் ஒரு குரல் வந்து எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னது, கேட்டுக்கொண்டார்கள். வீட்டை விட்டு யாரும் வெளியே வரக்கூடாது என்று கேட்டில் தகரம் அடித்திருந்தார்கள். பிறகு தகரத்தைப் பிரித்தார்கள், நோய் போனது, பெங்களூரில் ஆபீஸைத் திறந்தார்கள், ஊரில் கல்யாணங்களும் தேரோட்டமும் நடந்தன. நவநீதன் மட்டும் கூடத்து நிலைப்படியைத் தாண்டவில்லை. “ஆபீஸ் சோலி, எந்திரிக்கவே முடியறதில்லீங்க” என்று தெய்வாத்தாள் எல்லாரிடமும் சொன்னாள்; சொல்லிச் சொல்லி அது அவளுக்கே உண்மை மாதிரி ஆகிவிட்டது.

நாற்றுகள் நாலு இலை விட்டு நிமிர்ந்தபோது மொபெட்டில் வந்து பார்த்துவிட்டுச் சுகந்தி சொன்னாள்: “எடுத்த எடுப்புல கொண்டுபோய் நட்டுறாதீங்க்கா. நெழல்லயே வளந்த நாத்துக் கண்ணு. காலை வெயில்ல கொஞ்ச நேரம் வெளிய வெச்சு, உள்ள எடுத்துருங்க. அடுத்த நாள் இன்னுங் கொஞ்சம் சேத்தி வைங்க. வெயிலு, காத்து எல்லாம் பழகோணும். அப்பறம் மண்ணுல நட்டா அது பாட்டுக்கு நிக்கும்.”

அப்படித்தான் செய்வதாக இருந்தாள் தெய்வாத்தாள். தட்டை எடுத்து வாசலில் வைக்கப் போன அந்தக் காலையில்தான் மாரப்பனின் தங்கை கண்ணாத்தாள் ரேஷன் பையோடு உள்ளே வந்தாள். அண்ணன் பெண்டாட்டியை அந்தப் பக்கத்து வழக்கப்படி அவள் நங்கை என்றுதான் கூப்பிடுவாள்.

“என்ன நங்கை, நாத்துக்கு வெயில் காட்டறீங்களா?”

“ஆமா. கொஞ்சங் கொஞ்சமாப் பழக்கோணுமாம்.”

கண்ணாத்தாள் ஜன்னல் வழியாக உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். “இந்தப் பக்குவத்தை நவநீதனுக்குப் பாத்திருந்தீங்கன்னா இன்னேரம் இந்த வீட்டுக்கு மருமக வந்திருப்பா. அவனைத்தான் ஜன்னலோரமா வெச்சுத் தண்ணி ஊத்திட்டிருக்கறீங்க.”

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான் தெய்வாத்தாளுக்குச் சுட்டது. தட்டை எடுத்து இடுப்பில் வைத்தாள், மண்வெட்டியை எடுத்தாள், வீட்டுக்கு வடபுறம், கேட்டுக்குள்ளேயே இருக்கும் தோட்டத்தில் வெட்டிப் போட்டிருந்த பாத்தியில் இறங்கினாள், உச்சி வெயில் என்றும் பார்க்கவில்லை, பழக்கம் பதனம் என்றும் பார்க்கவில்லை, கோபத்தில் ஒவ்வொரு கன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிக் குழியில் வைத்து மண்ணை அணைத்தாள். “அம்மா, இப்படி நட்டா வாடிப்போயிருமுங்கம்மா” என்று ஜன்னலுக்குள்ளிருந்து நவநீதன் சத்தம் போட்டான். “வாடட்டும்” என்றாள் தெய்வாத்தாள். பொழுது இறங்குவதற்குள் ஒரு கன்று பாக்கியில்லாமல் வெளியே வந்துவிட்டது.

மறுநாள் காலையில், செத்துத்தான் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். ஒன்றும் வாடவில்லை. பாத்தி வரப்பில் கால் வைத்தபோது, ஏன் என்று தெரியாமலே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். உள்ளே காலடி மண் சிமெண்டுத் தரை மாதிரிச் சில்லென்றிருந்தது. சுற்றிலும் ஆவணிக் காற்று தென்னை மட்டைகளைப் போட்டு ஆட்டிக்கொண்டிருக்க, பாத்திக்குள் ஓர் இலை அசையவில்லை. வெயில் நேராக விழாமல் கிழக்கே இல்லாத ஒரு ஜன்னல் வழியாகச் சாய்ந்து வந்தது. கன்றுகளின்மேல் ஜன்னல் கம்பிகளின் நிழல் வரி வரியாகக் கிடந்தது. “அட சாமி” என்று அவள் முணுமுணுத்தது நான்கு சுவருக்குள் பேசியது போல் திரும்பி வந்து அவள் காதிலேயே விழுந்தது.

அதே நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து நவநீதன் கூப்பிட்டான். “அம்மா, இங்க பனி எறங்கியிருக்குதுங்க.”

போய்ப் பார்த்தாள். மேசையில் பனி, நாற்காலியில் பனி, அவன் தலைமயிரில் பனி. நாலு சுவரும் நின்ற இடத்தில் நின்றன, ஓட்டுக்கூரை மேலே அப்படியே இருந்தது, மாரப்பனின் படம்கூட ஆணியை விட்டு அசையவில்லை. ஆனால் கூடத்துக்குள் இருந்த ‘உள்ளே’ எழுந்து போயிருந்தது. வெயிலும் காற்றும் அறியாத கன்றுகளை ஒரே நாளில் வெளியே தள்ளியதும், தனியாக அனுப்ப மனசு கேட்காமல் அது துணைக்குப் போய்விட்டது என்பது தெய்வாத்தாளுக்குப் பார்த்ததும் புரிந்தது. அது போன இடத்தைத் தோட்டத்து வெளி வந்து நிரப்பிக்கொண்டது. மேசைமேல் ஒரு மைனா உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எதையோ கொத்திக்கொண்டிருந்தது.

“உள்ரூமுக்குப் போயிரு கண்ணு.”

“அங்க சிக்னல் வராதுங்களே” என்றான் நவநீதன். தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினான்.

முதலில் வந்து பார்த்த கண்ணாத்தாள், “நான் சொன்ன நேரம்” என்றாள், பெருமையும் பயமும் கலந்து. அடுத்து வந்தவர் பால் சொசைட்டித் தேர்தலில் நிற்கும் ஆறுச்சாமி. அவர் வரப்போரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, பாத்திக்குள் இறங்கி, இரண்டு கத்தரிக் கன்றுகளுக்கு நடுவில் பதனமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்து, “நல்லா ஜிலுஜிலுன்னு இருக்குதுங்க்கா, மழை பேஞ்சா இங்கயே மீட்டிங் வெச்சுக்கலாமுங்களா?” என்று கேட்டார். வீட்டுக்கு வந்தவரை எப்படி இல்லையென்பது, தெய்வாத்தாள் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மழை பெய்தால் ஊர் அவளுடைய பாத்திக்கு வந்தது. நாலு புறமும் மழை திரைபோல் இறங்க, பாத்திக்குள் ஒரு பொட்டு விழாது. அதனால் கன்றுகளுக்கு அவள் மழையிலும் குடத்தில் மொண்டு ஊற்ற வேண்டியிருந்தது. “பின்னே, வீட்டுக்குள்ள வளக்கற செடிக்கு ஊத்தித்தானே ஆகோணும்” என்றார்கள் உட்கார்ந்திருந்தவர்கள், காலைத் தூக்கிக்கொண்டு வழிவிட்டபடி. மகளிர் குழுக் கூட்டம் அங்கே நடந்தது, ஆறுச்சாமி ஓட்டுக் கேட்டது அங்கே, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்த காங்கேயத்து மாப்பிள்ளை வீட்டாரைக்கூட அங்கேதான் உட்கார வைத்தார்கள். அவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “வீடு நல்லாத்தான் இருக்குது, ஃபேன் மட்டும் போட்டிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு மயில்கூடப் பாத்திக்குள் வரவில்லை. மயிலானாலும் அடுத்தவர் வீட்டுக்குள் கூப்பிடாமல் நுழைவதில்லை.

கூடத்துக்குள்தான் வந்தன. வெட்டவெளிதானே, யாரைக் கேட்க வேண்டும்? காலையில் வரிசையாக வந்து நவநீதனின் நாற்காலியைச் சுற்றி மேய்ந்தன, ஒன்று மேசைமேல் ஏறித் தோகையை விரித்தது. பெங்களூர் ஆபீஸில் திரையில் பார்த்தவர்கள், “என்ன நவநீத், ரிசார்ட்டா? என்ஜாய்” என்றார்கள். “இல்ல, வீட்லதான்” என்றான். மழை வந்தால் மேசைக்குமேல் உரச்சாக்குத் தார்ப்பாயைக் கட்டி அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டான். தரை விரிசலில் அறுகம்புல் முளைத்தது, அவன் காலில் செருப்பு ஏறியது. தெருவில் போகிறவர்கள் கூடத்தைப் பொதுவழி மாதிரி நினைத்துக் குறுக்கே நடந்து அந்தப் பக்கம் போனார்கள், போகிறபோது “சாப்ட்டாச்சுங்களா தம்பி” என்று கேட்டார்கள், வருஷக்கணக்காக அவனைப் பார்க்காதவர்களெல்லாம் அவனிடம் மழையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் பேசினார்கள். சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்த அவன் கைகால்கள் வெயிலில் கறுத்தன, ராத்திரியில் பசியெடுத்தது. “நவநீதன் வெளிய நடமாட ஆரம்பிச்சுட்டானாமே” என்று ஊர் சந்தோஷப்பட்டது.

“நான் எங்கயும் போகலீங்க” என்றான் அவன், யார் சொன்னாலும். “ஹால்லதான் இருக்கறேன்.”

“ஹால்ல வெயிலடிக்குதே சாமி” என்றாள் தெய்வாத்தாள்.

“அதுக்கு நான் என்னங்க பண்றது? நான் உள்ளதான் உக்காந்திருக்கறேன். உள்ளேங்கறதே இல்லாமப் போனது என் குத்தமுங்களா?”

நியாயமான பேச்சு. உள்ளே போகவேண்டுமென்றால் அவன் வெளியே வரவேண்டும், வாசலைக் கடந்து பாத்திக்கு நடக்கவேண்டும். வெளியே இருக்கவேண்டுமென்றால் இருந்த நாற்காலியில் இருந்தால் போதும். இதில் தான் எதற்கு ஆசைப்பட வேண்டும் என்பதே தெய்வாத்தாளுக்குக் குழம்பிவிட்டது.

புரட்டாசியில் செடிகள் பூத்தன. கத்தரி ஊதாவாகவும் தக்காளி மஞ்சளாகவும் பாத்தி கொள்ளாமல் பூத்து, பூத்த வேகத்திலேயே உதிர்ந்தன. காலையில் எழுந்து பார்த்தால் உட்கார்ந்து எழுந்த ஜனங்களின் அடையாளங்களுக்கு நடுவே தரையெல்லாம் பூ. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. சுகந்திக்குச் சொல்லியனுப்பினாள். சுகந்தி வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, ஒரு பூவைச் சுண்டிப் பார்த்தாள்.

“காத்து ஆடலீங்க்கா. வண்டும் உள்ள வர்றதில்லை. பூ அதிர்ந்தாத்தானே பொடி கொட்டும், பொடி கொட்டினாத்தானே காய் புடிக்கும்? வீட்டுக்குள்ள எப்படிங்க காய்க்கும்?”

“பூவு இத்தனை பூக்குதே.”

“பூக்கறதெல்லாம் உள்ளயே பூக்குமுங்க்கா.”

அன்று சாயங்காலம் தெய்வாத்தாள் சாப்பிடவில்லை. உதிர்ந்த பூக்களை முறத்தில் அள்ளிக்கொண்டு கூடத்து வழியாக நடந்தபோது, அந்த முறத்தைப் பார்த்து எங்கிருந்தோ தேனீக்கள் வந்து நவநீதனைச் சுற்றி ரீங்காரமிட்டன. அவன் அசையாமல் உட்கார்ந்து அவற்றைக் கேட்டான். பிறகு கம்ப்யூட்டரில் எதையெதையோ தட்டிப் படித்தான். காலையில் ஜன்னலில் தலையை வைத்துச் சொன்னான்: “அம்மா, பேட்டரியில ஓடற பல் பிரஷ் இருக்குதுங்களே, அதைப் பூக்காம்புல வெச்சா வண்டு அதிர்ற மாதிரியே அதிருமாமுங்க. காய் புடிக்குமாம்.”

“உன்னதைக் குடு அப்ப.”

“உங்களுக்கு அதைப் புடிக்கத் தெரியாதுங்க. பலமா வெச்சுட்டீங்கன்னா காம்பு முறிஞ்சு போயிரும்.”

சொல்லிக்கொடு என்று அவள் கேட்டிருக்கலாம். பொழுதன்றைக்கும் குனிந்து களை பிடுங்குகிறவள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “எனக்குக் குனிய முடியாது கண்ணு, இடுப்புப் புடிச்சுக்குது” என்றாள்.

நவநீதன் பிரஷ்ஷைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் எழுந்து நிலைப்படிக்கு வந்தான். கூடத்திலும் வெயில், வாசலிலும் அதே வெயில். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் வித்தியாசமென்று எதுவும் மிச்சமிருக்கவில்லை, அதனால் அவன் கால் தாண்டியதே தெரியாமல் தாண்டிவிட்டது. வாசலின் நடுவில், அன்றைக்கு ஆம்புலன்ஸ் வந்து நின்ற இடத்தில் நின்றான். எதிர்வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கையில் பிடித்தபடியே இருந்தாள், ரோட்டில் ஆறுச்சாமி ஸ்டார்ட் ஆன வண்டியை ஆஃப் செய்தார், ஒருவரும் அவன் பக்கம் திரும்பவில்லை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நவநீதன் தரையைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. டயர்த் தடம்கூட இல்லை, எத்தனை மழைக்கு முந்திய சங்கதி அது. அவன் மெதுவாக நடந்து பாத்திக்குப் போய், செருப்பை வரப்போரம் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி, வெளியூர் போய்விட்டு வீடு திரும்பியவன் மாதிரி நீளமாக ஒரு மூச்சு விட்டான். பிறகு குனிந்து ஒவ்வொரு பூக்காம்பிலும் பிரஷ்ஷை வைத்தான். ட்ர்ர்ர் என்று அது பாட, மஞ்சள் பொடி அவன் விரல்களில் கொட்டியது.

தினமும் வந்தான். காய் பிடித்தது. முதல் கத்தரிப் பிஞ்சைப் பார்த்தபோது தெய்வாத்தாள் அதற்குக் கண்ணேறு பட்டுவிடுமென்று ஒரு கரித்துண்டால் வரப்பில் பொட்டு வைத்தாள். எதிர்வீட்டுக்காரி, “தம்பி, எங்க வீட்டுத் தக்காளிக்கும் ஒரு எட்டு வந்து பிரஷ் புடிச்சுட்டுப் போங்களேன்” என்று கேட்டபோது நவநீதன் தலையை ஆட்டினான். “அது வெளியங்க. நான் வெளிய வர்றதில்லை.”

ஐப்பசியில் காய்கள் திரண்டு, தக்காளி சிவக்கத் தொடங்கியபோது, பாத்தியில் சில மாற்றங்கள் தெரிந்தன. தெய்வாத்தாள் மட்டும் கவனித்தாள். செடிகளின்மேல் விழுந்த கம்பி நிழல் மங்கியது. ஒரு வெள்ளைப் பட்டாம்பூச்சி வரப்பைத் தாண்டி உள்ளே வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. ஒரு மத்தியானம் ஓர் இலை அசைந்தது. செடிகளின் தண்டு கட்டை மாதிரி உரமேறியிருந்தது. யாரிடமும் அவள் சொல்லவில்லை.

மகளிர் குழுக் கூட்டம் நடந்த ஒரு சாயங்காலம் மழை வந்தது. பாத்தியில் ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஓரத்தில் நவநீதன் பழுத்த தக்காளிகளைப் பறித்துக்கொண்டிருந்தான். வழக்கம்போல் நாலு புறமும் மழை திரைகட்டியது. அப்புறம் திரை கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தது. அப்புறம் கண்ணாத்தாளின் மூக்குமேல் ஒரு துளி விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பாத்தி முழுக்கச் சோவென்று கொட்டியது. பெண்கள் அலறியடித்துக்கொண்டு எழுந்து, செருப்பைக் கூட மாட்டாமல் கூடத்துக்குள் ஓடினார்கள். கூடம் காய்ந்து கிடந்தது. ஓட்டில் மழை தடதடவென்று விழுந்தது, உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. போன ‘உள்ளே’ இனித் தன் வேலை அங்கே இல்லையென்று திரும்பி வந்துவிட்டிருந்தது.

“என்ன நங்கை இது” என்று கண்ணாத்தாள் ஈரச்சேலையைப் பிழிந்தபடி கோபித்தாள், “ஒழுகும்னா ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக்கூடாதுங்களா? கொடையாச்சும் எடுத்துட்டு வந்திருப்போம்.” மற்றப் பெண்களும் அதையே சொன்னார்கள். ஊர்ப்பொதுவான இடத்தை இப்படியா கவனிக்காமல் போட்டுவைப்பது, ஆறுச்சாமியிடம் சொல்லிப் பாத்திக்குமேல் தகரமாவது போட வேண்டும் என்று பேச்சு நீண்டது.

தெய்வாத்தாள் அதைக் கேட்கவில்லை. நவநீதன் உள்ளே ஓடி வரவில்லை. அவன் பாத்தியின் நடுவில், கையில் தக்காளிக் கூடையோடு, தொப்பலாக நனைந்து, முகத்தை மேலே தூக்கி நின்றிருந்தான். வாயைத் திறந்து மழையைக் குடித்தான். வருஷக்கணக்கில் அவள் எதற்கு ஏங்கினாளோ அது கண்முன்னால் நின்றது, நின்றதைப் பார்த்ததும் அவள் நிலைப்படியில் நின்று கத்தினாள்: “உள்ள வா கண்ணு! உள்ள வந்துரு! நனையாத!”

கத்திய பிறகுதான் தான் கத்தியது அவளுக்குக் கேட்டது. நவநீதனுக்கும் கேட்டது. அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு மாரப்பனுடையது, அவளுக்கு அதை வெகுநாளாகக் காணக் கிடைக்கவில்லை.

வாசலுக்கு வந்து கூடையைக் கீழே வைத்தான். “அம்மா, அப்பாவை எரிச்ச எடத்தை நாம இன்னும் பாக்கலீங்களே. போய்ப் பாத்துட்டு வந்தர்லாமுங்களா?”

“இப்பவா? மழையிலயா?”

“இப்பத்தானுங்க.”

“நான் சேலை மாத்தோணும். மோட்டார் ஓடுது. இவங்கெல்லாம் உக்காந்திருக்கறாங்க, டீ வைக்கோணும்.”

“கண்ணாத்தா அத்தை வைப்பாங்க.”

அவன் முன்னால் நடந்து கேட்டைத் திறந்து ரோட்டில் இறங்கி நின்றான். தெய்வாத்தாள் கேட் வரை வந்தாள். அதற்குமேல் கால் வரவில்லை. கூடத்துப் பெண்களுக்கு அப்போதுதான் உறைத்தது: ரேஷன் அரிசியைக் கண்ணாத்தாள் வாங்கி வந்தாள், மளிகையை வண்டிக்காரன் கொண்டுவந்தான், தட்டும் நார்த்தூளும் மொபெட்டில் வந்தன, மாரியம்மன் கோயில் திருநீறுகூட யாராவது கொண்டுவந்துதான் அவள் நெற்றிக்கு ஏறியது. மாரப்பன் போன நாளிலிருந்து இந்தக் கேட்டைத் தாண்டித் தெய்வாத்தாளை யாரும் பார்த்ததில்லை. “பையனைத் தனியா விட்டுட்டு எப்படிங்க வர்றது” என்று அவள் சொன்னபோதெல்லாம் ஊர் தலையாட்டியிருக்கிறது. அந்தக் காரணம் இப்போது கேட்டுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றது.

“வாங்கம்மா” என்றான் நவநீதன். கையைப் பிடித்து இழுக்கவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் யாரோ ஃபேனைப் போட்டிருந்தார்கள். அடுப்படியில் கண்ணாத்தாள் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. மாரப்பனின் படத்தைச் சுற்றி ஈரச்சேலைப் பெண்கள் சௌகரியமாகச் சாய்ந்திருந்தார்கள். இத்தனை பேரை வைத்துக்கொண்டு வீட்டைப் பூட்டவும் முடியாது. சாக்குச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடி, கிணற்றில் இறங்குகிறவள் மாதிரி ஒரு காலை எடுத்து வைத்தாள். ரோடு அங்கேயேதான் இருந்தது. மழை அவள் தோள்மேல் விழுந்தது, குளிர்ந்தது, வலிக்கவில்லை. அழுகை வந்தது, மழையில் அதற்குத் தனியாக மரியாதை எதுவும் இல்லாமல் போனது.

ஆறுச்சாமி எதிரே குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். புறப்பட்டுப் போகிறவர்களை எங்கே என்று கேட்கக்கூடாது என்பது ஊரில் பிறந்த எவருக்கும் தெரியும், ஆனால் அவர் பார்த்த காட்சியில் அது மறந்துபோயிற்று.

“எங்கீங்க்கா, மழையில பொறப்பட்டுட்டீங்க?”

“வெளியதானுங்க” என்றாள் தெய்வாத்தாள்.

டவுன் பஸ் இன்னும் கரட்டு வளைவில் திரும்பவே இல்லை. சத்தம் மட்டும் கேட்டது. அதற்குள் நவநீதன் ரோட்டின் நடுவுக்குப் போய்க் கையைக் காட்டிக்கொண்டிருந்தான்.